மடிக்கணினி வீட்டிலேயே இருக்கட்டும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்குகிறது. இம்மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பயணப் படங்களைப் பற்றியவை. கணினியைச் சுமக்காமல் படங்களை வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் எப்படி அனுப்புவது என்பதுதான் பலருடைய கவலை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

டிசம்பரில் மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி போகிறோம். என்னிடம் 24 மெகாபிக்சல் கேமராவும் ஐபோன் 15-உம் இருக்கின்றன. பகலில் கேமராவில் எடுத்ததை அன்றிரவே சிங்கப்பூரில் இருக்கும் அம்மாவுக்கும் அக்கா குடும்பத்துக்கும் காட்ட வேண்டும். மடிக்கணினி இல்லாமல் முடியுமா?
- வாசகி, ஈசூன்

தாராளமாக முடியும். முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். படத்தைக் காட்டுவது ஒரு வேலை, மூலப் படத்தைப் பத்திரப்படுத்துவது வேறொரு வேலை. இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் முடிக்க நினைப்பவர்கள்தான் நள்ளிரவில் விடுதி வைஃபையோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். 24 மெகாபிக்சல் ஜேபெக் படம் ஒன்று சுமார் 10 எம்பி இருக்கும். ஒரு நாளில் 200 படம் எடுத்தால் 2 ஜிபி. விடுதி வைஃபையின் பதிவேற்ற வேகம் 5 எம்பிபிஎஸ் (நொடிக்கு 5 மெகாபிட்; 8 மெகாபிட் சேர்ந்தால்தான் 1 எம்பி) என்றால், இடையில் அறுபடாமல் போனால்கூட ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். அதே நாளின் சிறந்த 20 படங்களை மட்டும் 2048 பிக்சல் அகலத்துக்குக் குறைத்தால், படம் ஒன்று 1 எம்பிக்குள் அடங்கும். மொத்தமும் அரை நிமிடத்தில் போய்விடும். அம்மாவின் கைப்பேசியிலோ வரவேற்பறைத் தொலைக்காட்சியிலோ பார்க்க இந்த அளவு தாராளம். இருநூறு படத்தையும் அனுப்பினால் பார்ப்பவர்களும் பாதியில் விட்டுவிடுவார்கள். தேர்ந்து அனுப்புங்கள்.

இனிச் செய்முறை. ஐபோன் 15-இல் இருப்பது யுஎஸ்பி-சி துளை. அதில் நேரே செருகும் எஸ்டி கார்டு ரீடர் ஒன்று போதும். சிம் லிம் ஸ்குவேரிலும் முஸ்தஃபாவிலும் எளிதாகக் கிடைக்கும். புறப்படும் முன்பே வாங்கி, உங்கள் கார்டைப் போட்டு ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஐபோன் 14 அல்லது அதற்கு முந்தையது என்றால் லைட்னிங் முனையுள்ள ரீடர் வேண்டும்.

ரீடரைச் செருகி ஃபோட்டோஸ் செயலியைத் திறந்தால் ‘இம்போர்ட்’ என்று காட்டும். ‘இம்போர்ட் ஆல்’ பக்கம் போகாதீர்கள். வேண்டியதை மட்டும் தொட்டுத் தேர்ந்தெடுத்து இறக்குங்கள். முடிந்ததும் கார்டில் உள்ளதை அழிக்கவா, வைக்கவா என்று கேட்கும். ‘கீப்’ என்பதைத் தொடுங்கள். இரவுக் களைப்பில் ‘டிலீட்’டைத் தொட்டுவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு.

கேமராவை ரா+ஜேபெக் (திருத்தப்படாத மூலக் கோப்பும் வழக்கமான படமும் சேர்ந்து பதிவாகும் முறை) என்று வைத்திருந்தால் ஒரு சிக்கல் வரும். ஃபோட்டோஸ் செயலி அந்த இரண்டையும் ஒரு சோடியாகவே இறக்கும். ஒரு ரா கோப்பே 25 முதல் 50 எம்பி வரை இருக்கும் என்பதால் கைப்பேசி சீக்கிரம் நிரம்பிவிடும். அப்படியானால் ஃபோட்டோஸை விட்டுவிட்டு ஃபைல்ஸ் செயலிக்குப் போங்கள். கார்டில் படங்கள் இருக்கும் டிசிஐஎம் உறையை (ஃபோல்டரை) திறந்து, ஜேபிஜி என்று முடியும் கோப்புகளை மட்டும் தேர்ந்தெடுத்து ‘சேவ் இமேஜஸ்’ கொடுங்கள்.

படங்களைச் சிறிதாக்கத் தனிச் செயலி வாங்க வேண்டாம். ஐபோனில் உள்ள ஷார்ட்கட்ஸ் செயலியில் புதிய ஷார்ட்கட் ஒன்றைத் தொடங்கி நான்கு படிகளை வரிசையாகச் சேருங்கள்: படங்களைத் தேர்ந்தெடுத்தல் (பல படங்களுக்கு அனுமதி கொடுத்து), ‘ரீசைஸ் இமேஜ்’ (அகலம் 2048, உயரம் தானாக), ‘கன்வெர்ட் இமேஜ்’ (ஜேபெக்), ‘ஷேர்’. அதை முகப்புத் திரையில் வைத்துக்கொண்டால் தினமும் இரண்டு தட்டில் வேலை முடியும்.

எங்கே பகிர்வது? குடும்பத்தில் எல்லாரும் ஐபோன் என்றால் ஐகிளவுட் ‘ஷேர்டு ஆல்பம்’ போதும். அது தானாகவே படத்தை நீளவாக்கில் 2048 பிக்சலுக்குக் குறைத்துவிடுவதால் மேலே சொன்ன ஷார்ட்கட்டே தேவைப்படாது. இலவச 5 ஜிபி கணக்கிலும் அது சேராது. ஒரு ஆல்பத்தில் 5,000 படங்கள் வரை போடலாம், 100 பேரை அழைக்கலாம். அக்கா ஆண்ட்ராய்டு வைத்திருந்தால் கூகல் ஃபோட்டோஸில் பகிர்வு ஆல்பம் ஒன்றைத் தொடங்குங்கள். ஆல்பத்தைச் சிங்கப்பூரிலேயே தொடங்கி, ஒரு படம் போட்டு, அம்மாவின் கைப்பேசியில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். ராமேஸ்வரத்தில் நின்றுகொண்டு ‘அம்மா, அந்த நீல எழுத்தைத் தொடுங்க’ என்று விளக்குவது இருவருக்கும் சிரமம்.

ரீடர் மறந்துபோனால் கேமராவின் வைஃபை இருக்கிறது. கேனன் கேமரா கனெக்ட், நிக்கான் ஸ்னாப்பிரிட்ஜ், சோனி கிரியேட்டர்ஸ் ஆப் என ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு செயலி உண்டு. ஸ்னாப்பிரிட்ஜ் ப்ளூடூத் வழியாக 2 மெகாபிக்சல் அளவில் தானாகவே அனுப்பிக்கொண்டிருக்கும். மற்ற முறைகளில் கைப்பேசி கேமராவின் வைஃபையோடு இணைந்திருக்கும் வரை அந்த வைஃபையில் இணையம் கிடையாது. ‘இந்த வைஃபையில் இணையம் இல்லை, தொடரவா’ என்று ஆண்ட்ராய்டு கேட்கும்போது தொடரச் சொல்லுங்கள். இல்லையென்றால் தானே மொபைல் டேட்டாவுக்குத் தாவி, இறக்கம் பாதியில் நின்றுவிடும்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கார்டு ரீடரைச் செருகினால் ஒன்றுமே தெரியவில்லை. ரீடர் கெட்டுவிட்டதா?
- வாசகர், பிடோக்

பெரும்பாலும் ரீடரில் கோளாறு இருக்காது. ஓப்போ, விவோ, ரியல்மி, ஒன்பிளஸ் வகைக் கைப்பேசிகளில் வெளிக் கருவிகளைக் கைப்பேசியோடு இணைக்க உதவும் ‘ஓடிஜி’ என்ற அமைப்பை நாமே இயக்க வேண்டும். பத்து நிமிடம் பயன்படுத்தாவிட்டால் அது தானாக அணைந்தும் விடும். ‘நேற்று வேலை செய்தது, இன்று செய்யவில்லை’ என்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் ஓடிஜி என்று தட்டினால் வந்துவிடும்.

அது சரியாக இருந்தால் இடையிலுள்ள வடத்தைப் பாருங்கள். மின்னேற்ற மட்டுமே உதவும் வடங்களில் தரவு போகாது. கார்டின் பக்கவாட்டில் உள்ள பூட்டுப் பொத்தான் கீழே இறங்கியிருந்தாலும் படங்களைப் படிக்க முடியும். எழுதவோ அழிக்கவோதான் முடியாது.

கூடவே ஒரு சிறு ஹார்ட் டிஸ்க் கொண்டுபோவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் விண்டோஸ் கணினியோடு பயன்படுத்திய டிஸ்க் என்டிஎஃப்எஸ் என்ற கோப்புச் சேமிப்பு முறையில் இருக்கக்கூடும். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் அதை ஏற்பதில்லை. உள்ளே இருப்பதை வேறிடத்தில் வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். ஃபேட்32 வேண்டாம், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு நிற்காது, நீளமான காணொளி பாதியில் மறுக்கப்படும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கைவிட, சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி நல்லது. கைப்பேசி தரும் சிறு மின்சாரத்தில் சுழல் டிஸ்க் திணறும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் மங்கிவிடுகிறது. தாத்தாவின் எண்பதாம் பிறந்தநாள் படங்களை அச்சடிக்க வேண்டும்.
- வாசகி, ஜூரோங் வெஸ்ட்

சாதாரணமாக அனுப்பும் படத்தை வாட்ஸ்அப் நீளவாக்கில் ஏறத்தாழ 1600 பிக்சலுக்குச் சுருக்கி, மேலும் அழுத்தியும் விடுகிறது. அனுப்பும் முன் மேலே தெரியும் ‘எச்டி’ குறியைத் தொட்டால் நிலைமை நன்றாகவே தேறும். எப்போதும் அப்படியே போக வேண்டுமென்றால் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’வுக்குள் பதிவேற்றத் தரத்தை எச்டி என்று மாற்றிவைக்கலாம். ஆனால் அச்சுக்குக் கொடுப்பதை ‘டாக்குமெண்ட்’ ஆகவே அனுப்புங்கள். 2 ஜிபி வரை ஒரு பிட்டும் குறையாமல் போகும். இப்படி அனுப்பும்போது படம் எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகும். படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். குடும்பத்துக்குள் என்பதால் கவலை இல்லை, தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஆல்பத்தில் ஏற்றிவிட்டேன், கார்டை அழிக்கலாமா? இரண்டு வாரப் பயணத்துக்கு ஒரே 64 ஜிபி கார்டுதான் இருக்கிறது.
- வாசகர், தெம்பனிஸ்

தயவுசெய்து அழிக்காதீர்கள். இந்தக் கேள்வியைப் பலர் வெவ்வேறு சொற்களில் கேட்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ஆல்பத்தில் இருப்பது குறைக்கப்பட்ட பிரதி. ஊர் திரும்பியதும் பெரிதாக அச்சிடவோ வெட்டித் திருத்தவோ மூலப் படம் வேண்டும். இரண்டாவது ஆபத்து இன்னும் பெரியது. கூகல் ஃபோட்டோஸும் ஐகிளவுட் ஃபோட்டோஸும் கைப்பேசியோடு இணைந்தே இயங்குபவை. கைப்பேசியில் இடம் போதவில்லை என்று ஃபோட்டோஸ் செயலிக்குள் ஒரு படத்தை அழித்தால் இணையச் சேமிப்பிலிருந்தும் அது போய்விடும். ஐகிளவுட்டில் 30 நாளும், கூகலில் ஏற்றப்பட்ட படமாக இருந்தால் 60 நாளும் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அதற்குள் மீட்கலாம். கூகலில் இடம் பண்ண வேண்டுமென்றால் ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்பதை மட்டும் பயன்படுத்துங்கள். அது கைப்பேசிப் பிரதியை மட்டுமே நீக்கும்.

இன்னொரு கண்ணி ஆண்ட்ராய்டுக்காரர்களுக்கு. கூகல் ஃபோட்டோஸ் தானாகக் காப்பது கைப்பேசிக் கேமராவின் உறையை மட்டும்தான். கார்டிலிருந்து இறக்கிய படங்கள் வேறு உறையில் இருக்கும். ‘பேக்கப் டிவைஸ் ஃபோல்டர்ஸ்’ பகுதிக்குப் போய் அந்த உறையையும் நீங்களே இயக்கிவிட வேண்டும். எல்லாம் ஏறிவிட்டது என்று நம்பி இருப்பவர்களுக்குக் கேமராப் படம் ஒன்றுகூட ஏறாமல் இருப்பது ஊர் வந்த பிறகுதான் தெரியும். இலவச இடமும் ஜிமெயில், டிரைவ் எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான். அளவில்லாமல் இலவசமாக ஏற்றும் வசதி 2021 ஜூன் 1-உடன் முடிந்துவிட்டது.

ஆகவே, உங்களுக்கு எளிய வழி இன்னும் இரண்டு கார்டு வாங்குவது. நிரம்பியதைக் கழற்றி, பூட்டுப் பொத்தானை இறக்கி, கேமராப் பையில் வைக்காமல் வேறு பையில் வையுங்கள். கேமராப் பை தொலைந்தால் எல்லாமும் சேர்ந்து தொலையக் கூடாது அல்லவா? கேமராவில் இரண்டு கார்டுத் துளை இருந்தால் இரண்டாவதை ‘பேக்கப்’ என்று வைத்துவிடுங்கள். அதைவிட நிம்மதி வேறில்லை.

எஸ்எஸ்டியில் பிரதி எடுக்க விரும்பினால் ஒரு யுஎஸ்பி-சி ஹப் வேண்டும். எஸ்டி துளை, யுஎஸ்பி துளை, மின்னேற்றி செருகும் துளை மூன்றும் அதில் இருக்கட்டும். மின்னேற்றியைச் செருகியே வேலையைத் தொடங்குங்கள். ஐபோனில் ஃபைல்ஸ் செயலியைத் திறந்து, டிசிஐஎம் உறையை அழுத்திப் பிடித்து ‘காப்பி’, பிறகு எஸ்எஸ்டிக்குள் அந்த நாளின் தேதியில் புதிய உறை உருவாக்கி ‘பேஸ்ட்’. திரை அணைந்தால் நகலெடுப்பு நின்றுபோகக்கூடும் என்பதால் ‘ஆட்டோ-லாக்’ அமைப்பை ‘நெவர்’ ஆக்குங்கள். அதை மாற்ற முடியாமல் 30 நொடியிலேயே நின்றால் ‘லோ பவர் மோட்’ இயங்குகிறது என்று பொருள். அதை அணைத்தால் சரியாகும். ஐகிளவுட் ஏற்றம் காரணமில்லாமல் நிற்பதற்கும் பல நேரம் இந்த லோ பவர் மோடே காரணம்.

எவ்வளவு நேரம் ஆகும்? ஐபோன் 15, 15 பிளஸ் இரண்டிலும் இருப்பது பழைய யுஎஸ்பி 2 வேகம். அந்த ஒரே பாதையில்தான் கார்டிலிருந்து படிக்கவும் எஸ்எஸ்டியில் எழுதவும் வேண்டும். 64 ஜிபி முழுக்க நகலெடுக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 15 புரோவில் யுஎஸ்பி 3 இருப்பதால் சீக்கிரம் முடியும், ஆனால் பெட்டியில் வந்த வெள்ளை வடத்தை இடையில் பயன்படுத்தினால் அதுவும் யுஎஸ்பி 2-க்கு இறங்கிவிடும்.

முடிந்ததும் சரிபாருங்கள். இரு உறையிலும் கோப்புகளின் எண்ணிக்கை ஒன்றா? கடைசிப் படம் திறக்கிறதா? நீளமான காணொளி ஒன்றைக் கடைசி நிமிடத்துக்கு இழுத்துவிட்டுப் பாருங்கள், ஓடுகிறதா? இந்த மூன்றும் சரியென்றால் படுக்கப் போகலாம். அப்போதும் கார்டை அழிக்க வேண்டாம், வீடு வந்து கணினியில் ஏற்றிய பிறகு கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.

இந்தியாவில் உள்ளூர் சிம் போட்டால் சிங்கப்பூர் எண்ணுக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் கிடைக்காதே? ரோமிங் கட்டணமும் பயமுறுத்துகிறது.
- வாசகர், செங்காங்

சிங்கப்பூர் சிம்மைக் கழற்றாதீர்கள். அதை அழைப்பு, குறுஞ்செய்திக்கு மட்டும் வைத்துக்கொண்டு, டேட்டாவுக்குப் பயண இ-சிம் (அட்டை இல்லாமல் கைப்பேசியிலேயே பதியும் சிம்) ஒன்றைச் சேர்ப்பது நல்லது. சிங்கப்பூர் இணைப்பில் ‘டேட்டா ரோமிங்’ அணைந்திருக்கட்டும். ஐபோனில் ‘அலவ் மொபைல் டேட்டா ஸ்விட்சிங்’ என்ற இன்னொரு பொத்தானும் உண்டு, அதையும் அணையுங்கள். இ-சிம் அலைவரிசை பலவீனமானால் கைப்பேசி அந்தப் பொத்தான் வழியாகவே மற்ற இணைப்புக்குத் தாவும். கடையில் உள்ளூர் சிம் வாங்குவதென்றால் கடப்பிதழ், விசா, ஒளிப்படம் மூன்றும் கையில் இருக்க வேண்டும். காஷ்மீர் போகிறவர்கள் கவனிக்க: மற்ற மாநிலங்களில் வாங்கிய பிரீபெய்ட் சிம் ஜம்மு-காஷ்மீரில் வேலை செய்யாது.

இ-சிம்மில் வாங்கிய சில ஜிபியைப் படங்களே விழுங்கிவிடாமல் காக்க, கூகல் ஃபோட்டோஸிலும் ஐகிளவுட்டிலும் மொபைல் டேட்டா அனுமதியை அணைத்து வைஃபைக்கு மட்டும் விடுங்கள். ஜோகூருக்கு ஒருநாள் போய்வருபவர்களுக்கும் இது பொருந்தும். உட்லண்ட்ஸ் பாலத்தைக் கடப்பதற்குள்ளேயே கைப்பேசி மலேசிய அலைவரிசையைப் பிடித்துக்கொள்வதுண்டு.

கூகல் கணக்கின் எட்டு இலக்க மாற்றுக் குறியீடுகள் (‘பேக்கப் கோட்ஸ்’) பத்தையும் தாளில் எழுதி, கடப்பிதழோடு வையுங்கள். கைப்பேசி தொலைந்தாலும் மற்றவரின் கைப்பேசியிலிருந்து கணக்கைத் திறக்க அவைதான் உதவும். வெளியூர் இணையக் கடைக் கணினிகளில் உங்கள் கணக்கைத் திறக்கவே வேண்டாம்.

சீனாவில் படம் பகிர முடியுமா?
- வாசகி, தோ பாயோ

கூகல், வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம் எல்லாம் அங்குள்ள வைஃபையில் திறக்காது. ஐகிளவுட் திறக்கும். சிங்கப்பூர் சிம்மின் ரோமிங்கில் போனால் தரவு பொதுவாகச் சிங்கப்பூர் வழியாகவே வருவதால் இவை இயங்கும். எனவே சீனப் பயணத்துக்கு மட்டும் ரோமிங் திட்டம் எடுப்பதே எங்கள் யோசனை. விடுதி வைஃபை இலவசமாக இருந்தும் இந்த ஏற்றத்துக்கு உதவாது.

ஆல்பத்தின் இணைப்பு வேறு யாரிடமாவது போனால்?
- வாசகி, புவாங்கோக்

இணைப்பு கையில் இருக்கும் எவரும் பார்க்கலாம். அதனால் குழந்தைகள் இருக்கும் ஆல்பத்தில் ‘இணைப்பு வழிப் பகிர்வு’ என்பதை அணைத்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிச் சேருங்கள். பயணம் முடிந்ததும் இணைப்பைத் துண்டிக்கவும் முடியும். இடவிவரத்தை நீக்க, ஐபோனில் பகிரும் திரையின் மேலே ‘ஆப்ஷன்ஸ்’ தொட்டு ‘லொகேஷன்’ பொத்தானை அணையுங்கள். கூகல் ஆல்பத்தின் அமைப்பிலும் அப்படி ஒரு பொத்தான் உண்டு. பொதுவெளியில் போடும் படங்களை அந்த ஊரைவிட்டுக் கிளம்பிய பின் போடுவது நல்லது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை.

20,000 எம்ஏஎச் பவர்பேங்க் விமானத்தில் அனுமதிப்பார்களா?
- வாசகர், புக்கிட் பாத்தோக்

20,000 எம்ஏஎச் என்பது 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணி. விமானப் பயண வரம்பான 100 வாட்-மணிக்குள் இருப்பதால் கைப்பையில் கொண்டுபோகலாம், பெட்டியில் போட்டு ஏற்றக் கூடாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் இரண்டிலும் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர்பேங்க் கொண்டு மின்னேற்றவும், பவர்பேங்க்கையே மின்னேற்றவும் தடை. ஆகவே விமானத்தில் படம் தேர்ந்தெடுக்கும் எண்ணம் இருந்தால், சாங்கியில் ஏறும் முன்பே கைப்பேசியை முழுக்க மின்னேற்றிவிடுங்கள்.

கைப்பேசிப் படமும் கேமராப் படமும் ஒரே ஆல்பத்தில் போட்டால் வரிசை குழம்புகிறது. காலை உணவுக்குப் பிறகுதான் சூரியன் உதிக்கிறது!
- வாசகர், சுவா சூ காங்

கைப்பேசி இந்திய நேரத்துக்குத் தானாக மாறிவிட்டது, கேமரா சிங்கப்பூர் நேரத்திலேயே நிற்கிறது. இரண்டுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். ஆல்பம் படம் எடுத்த நேரத்தை வைத்தே அடுக்குகிறது. விமானம் இறங்கியதும் கேமரா மெனுவில் நேர மண்டலத்தை மாற்றுங்கள். கடிகார முள்ளைத் திருப்புவதைவிட மண்டலத்தை மாற்றுவது மேல், திரும்பி வரும்போது ஒரே தட்டில் பழைய நிலைக்கு வரலாம். ஏற்கெனவே எடுத்தவற்றுக்கு, ஐபோன் ஃபோட்டோஸில் கேமராப் படங்களை மட்டும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ‘அட்ஜஸ்ட் டேட் அண்ட் டைம்’ கொடுங்கள். முதல் படத்தின் நேரத்தைத் திருத்தினால் மற்றவையும் அதே அளவு நகரும். பகிர்வு ஆல்பத்தில் ஏற்றும் முன்பே இதைச் செய்யுங்கள். ஏற்றிய பிரதி தானாக மாறாது, நீக்கிவிட்டு மறுபடி ஏற்ற வேண்டிவரும்.